கழற்றிய கதவும் பதினான்கு நாளும்: பிரிட்டன், 1980

மாடியறைக் கதவுகளைக் கீலிலிருந்து கழற்ற வேண்டும். கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து உட்சுவர் ஒன்றில் சாய்த்து வைக்க வேண்டும். அடி வழுக்காமல் இருக்கத் தரையில் நீளமாக ஒரு கட்டை அடிக்க வேண்டும். சாய்ந்த கதவுகளின்மேல் மண்ணோ மணலோ நிரப்பிய பைகளையும் பெட்டிகளையும் அடுக்க வேண்டும். புத்தகங்களையும் அடுக்கலாம், துணிமணிகளும் ஆகும். திறந்திருக்கும் இரண்டு பக்கங்களையும் கனமான மரச்சாமான்களால் பாதி அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு உள்ளே நுழைந்துகொள்ள வேண்டும்.

அணுகுண்டுக்குத் தப்பப் பிரிட்டிஷ் அரசு தன் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. நம் ஊரில் மாட்டுக்குச் சாய்ப்பு இறக்குகிறவர்கள்கூட இதைவிடக் கூடுதலாக இரண்டு கம்பு ஊன்றுவார்கள். ஆனால் எழுதியவர்கள் மூடர்கள் இல்லை, விஷயம் தெரிந்தவர்கள். தெரிந்தவர்கள் எழுதிய ஆலோசனை எப்படி ஊர் சிரிக்கும் பொருளாயிற்று, சிரித்த மக்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதே இந்த ஆய்வுக்குரிய செய்தி.

படிக்கப்படாமல் இருக்க வேண்டிய புத்தகம்

சிறு புத்தகத்தின் பெயர் ‘புரொடெக்ட் அண்ட் சர்வைவ்’. காத்துக்கொள், பிழைத்திரு என்று பொருள். உள்துறைக்காக அரசின் மையத் தகவல் அலுவலகம் 1976இல் தயாரித்தது. அப்போது அது பொதுமக்களுக்காக வெளியிடப்படவில்லை. உள்ளாட்சி, காவல்துறை அதிகாரிகளின் அலமாரிகளில் உறங்கிக்கொண்டிருந்தது. போர் மூளப்போகிறது என்று அரசுக்குத் தோன்றும்போது கோடிக்கணக்கில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுப்பதே திட்டம். கூடவே தொலைக்காட்சியில் ஓட்டுவதற்கு இருபது குறும்படங்களும் தயாராக இருந்தன. வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போன்ற வீடுகள், முகமற்ற மனிதர்கள். பேட்ரிக் ஆலன் என்ற நடிகரின் கனத்த, அவசரமில்லாத குரல். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் சில்லென்ற மின்னணு இசைத் துணுக்கு.

1979 டிசம்பரில் இரண்டு காரியங்கள் நடந்தன. அணுகுண்டு சுமக்கும் அமெரிக்கக் குரூஸ் ஏவுகணைகளை ஐரோப்பாவில் நிறுவ, மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ முடிவெடுத்தது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அடுத்த மாதமே லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் குடிமக்கள் பாதுகாப்பைப் பற்றி எழுதத் தொடங்கியது. அப்படியொரு புத்தகம் இருக்கிறதாமே, எங்களுக்கு ஏன் காட்டவில்லை என்று மக்கள் கேட்டார்கள். மார்ச்சில் பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சி அந்தக் குறும்படங்களின் பகுதிகளை எடுத்துக் காட்டிவிட்டது. இனி மூடி வைத்துப் பயனில்லை என்ற நிலையில், 1980 மே மாதம் புத்தகம் விற்பனைக்கு வந்தது. விலை 50 பென்ஸ்.

முதல் பக்கத்திலேயே ஒரு விளக்கம் இருந்தது. உடனடி ஆபத்து வந்தால் இது எல்லா வீடுகளுக்கும் இலவசமாக வழங்கப்படும். அப்போது என்ன சொல்லப்படும் என்று முன்கூட்டி அறிய விரும்புகிறவர்களுக்காக இப்போது விற்கப்படுகிறது என்றது அது. இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பேன். கலவரமான நேரத்தில் கைநடுங்கப் படிப்பதற்காக எழுதிய வாசகங்களை, அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீர்க் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து படித்தால் என்ன ஆகும்? எழுதியவர்கள் அப்படியொரு வாசகரை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏன் பதினான்கு நாள்?

ஆலோசனையின் அடிப்படை ஓர் எண். வீட்டுக்குள் பதினான்கு நாள் இருக்க வேண்டும். அதில் முதல் இரண்டு நாளும் இரவும் சாய்ப்புக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். எண் வானத்திலிருந்து குதித்ததில்லை. குண்டு தரையை ஒட்டி வெடித்தால் மண்ணும் கட்டிடமும் பொடியாகி மேலே போய், கதிரியக்கம் ஏறிய தூசியாகக் காற்றுப் போகும் திசையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம்கூடப் போய் இறங்கும். அந்தத் தூசியின் வீரியம் ஒரு கணக்குப்படி இறங்குகிறது. நேரம் ஏழு மடங்கானால் வீரியம் பத்தில் ஒரு பங்காகிறது. வெடித்த ஒரு மணி நேரத்தில் இருந்த அளவு ஏழாவது மணியில் பத்தில் ஒன்று. நாற்பத்தொன்பதாவது மணியில், அதாவது இரண்டு நாளில், நூற்றில் ஒன்று. இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று.

இடையில் நிற்கும் பொருளின் கனமும் கதிரைத் தடுக்கும். சுமார் 9 சென்டிமீட்டர் மண் இருந்தால் காமாக் கதிர் பாதியாகும். கான்கிரீட் என்றால் 6 சென்டிமீட்டரே போதும். ஆகவே முதல் இரண்டு நாள் சாய்ப்புக்குள், மீதி நாள் அதே அறையில் என்ற விதியில் பௌதிகப் பிழை எதுவும் இல்லை. குண்டு விழாத, ஆனால் தூசி வந்து இறங்கிய ஊரில், இதை ஒழுங்காகச் செய்தவர் செய்யாதவரைவிடப் பிழைக்க வாய்ப்பு அதிகம். கேலி செய்தவர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அது நேர்மையில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. புத்தகம் ஒரு வீட்டுக்காக எழுதப்பட்டிருந்தது. வெடிப்புக்குப் பிறகும் கூரையோடும் சன்னல் கண்ணாடியோடும் நிற்கிற வீடு அது. மாடி உள்ள, கழற்றக் கதவுகள் உள்ள, தோண்டத் தோட்டம் உள்ள வீடு. தூக்கிச் சுமக்கத் திடமான இரண்டு பேரும் அதில் இருக்க வேண்டும்.

நான்கு பேர் உள்ள வீடு

சொன்னதைச் சொன்னபடி செய்துபார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் முதலில். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க இரண்டு பைன்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல். பதினான்கு நாளுக்கு மூன்றரை கேலன். கழுவத் துடைக்க அதே அளவு இன்னொரு பங்கு சேர்க்கச் சொல்கிறது புத்தகம். நான்கு பேருக்கு 28 கேலன், நம் கணக்கில் 127 லிட்டர். கடையில் நாம் வாங்கும் 20 லிட்டர் கேன் ஆறு வாங்கி வைத்தும் இன்னும் ஒரு குடம் வேண்டியிருக்கும். 1980இல் இங்கிலாந்தின் சராசரி வீட்டில் அப்படிக் கேன்கள் இல்லை. வாளி, பாத்திரம், குளியல் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் நிரப்பி, தூசி விழாமல் மூடி வைக்க வேண்டும். கழிவறைத் தொட்டியின் நீரை வீணாக்கக் கூடாது. ஆகவே அடிப்பலகை எடுத்த நாற்காலியின் கீழே ஒரு வாளி. அதுதான் கழிவறை.

அடுத்தது மண். வீட்டின் உள் கதவு ஒன்று ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். குடும்பம் நுழைய மூன்று கதவாவது சாய்க்க வேண்டும். அதன்மேல் முப்பது சென்டிமீட்டர் மண் அடுக்கினால் கதிர் பத்தில் ஒரு பங்காகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒன்றேகால் கன மீட்டருக்கு மேல் வருகிறது. எடையில் இரண்டு டன். வீட்டுக்குப் பின்னால் தோண்டி, பையில் அள்ளி, வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் நடந்து கொண்டுவந்து இரண்டு டன் மண்ணை அடுக்க வேண்டும். அந்தக் காலத்துப் புது வீடுகளில் உள் கதவுகள் பலவும் பொள்ளலான ஃபிளஷ் கதவுகள். இரு பக்கமும் மெல்லிய அட்டைப்பலகை, நடுவில் வெற்றிடம். ஒவ்வொன்றின் தலையிலும் அறுநூறு எழுநூறு கிலோ ஏற்றினால் குண்டு விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புத்தகங்களை அடுக்கலாம் என்ற யோசனைக்கு இங்கேதான் பொருள் புரிகிறது. மண் அள்ள முடியாதவருக்கு அது ஆறுதல்.

சன்னல் கண்ணாடிகளுக்கு நீர்த்த வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். இதைத்தான் அதிகம் கிண்டல் செய்தார்கள். ஆனால் வெடிப்பின் முதல் அடி வெப்ப ஒளி. அதை வெள்ளை நிறம் திருப்பி அனுப்பும். ஹிரோஷிமாவில் உடையின் கறுப்புப் பகுதிக்குக் கீழே தோல் வெந்தும், வெளிர் பகுதிக்குக் கீழே அவ்வளவு வேகாமலும் இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சில நொடிகள் கழித்து அதிர்ச்சி அலை வந்து கண்ணாடியை அள்ளிக்கொண்டு போகும்தான். அதற்குள் திரைச்சீலை பற்றாமல் இருக்கட்டும் என்பதே பூச்சின் நோக்கம்.

எடுத்து வைக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் நீளமானது. ரேடியோ, மாற்று பேட்டரி, டப்பா திறக்கும் கருவி, டார்ச், முதலுதவிப் பெட்டி, உலர்ந்த மணல், நோட்டுப் புத்தகம், பென்சில். குழந்தைகளுக்குப் பொம்மை, பெரியவர்களுக்குப் பத்திரிகை. கூடவே ஒரு கடிகாரம், ஒரு நாள்காட்டி. பதினான்கு நாளையும் எண்ண வேண்டுமே. இருட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு நாள்காட்டியில் ஒவ்வொரு கட்டமாகக் கோடு போடும் ஒரு தகப்பன் என் கண்முன் வந்துவிட்டுப் போகிறான். புத்தகம் அவனைக் காட்டவில்லை. பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறது.

எச்சரிக்கைக்கு மூன்று ஒலிகள். ஏறி இறங்கும் சங்கு என்றால் தாக்குதல் வருகிறது. அடுத்தடுத்து மூன்று வெடிச் சத்தம் அல்லது மூன்று விசில் என்றால் தூசி வருகிறது. ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கியது. நகரங்களில் மின்சாரச் சங்குகள் இருந்தன. கிராமங்களில் கையால் சுற்றுகிற சங்கும், நம் கோயில் அதிர்வேட்டு மாதிரியான வெடிகளும். செய்தியைக் கொண்டுவருவது நேரம் சொல்லும் தொலைபேசிச் சேவையின் கம்பித் தடம். காவல் நிலையத்திலோ கிராமத்து மதுக்கடையிலோ ஒரு சிறு பெட்டி, தடம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ‘டிக் டிக்’ என்று ஆண்டுக்கணக்கில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஏவுகணை புறப்பட்டதை வட யார்க்‌ஷயரின் ஃபைலிங்டேல்ஸ் ரேடார் பார்த்த பிறகு, மக்களுக்குக் கிடைப்பது நான்கு நிமிடம் என்பது அன்று குழந்தைகளுக்கும் தெரிந்த கணக்கு. இரண்டு டன் மண் சுமக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சில நாள் பதற்றம் முற்றிய பிறகே போர் வரும், அந்த நாள்களில் மக்கள் இதையெல்லாம் செய்து முடிப்பார்கள் என்று அரசு நம்பியது.

இறந்தவர் பக்கம்

தஞ்சம் புகுந்த அறையில் யாராவது இறந்துவிட்டால் உடலை வேறோர் அறைக்கு மாற்ற வேண்டும். பெயரும் முகவரியும் எழுதிய அட்டையைக் கட்ட வேண்டும். பாலித்தீன், காகிதம், படுக்கை விரிப்பு, கம்பளி எது கிடைக்கிறதோ அதனால் இறுக்கிச் சுற்ற வேண்டும். சுற்றியதன்மேல் இரண்டாவதாக ஓர் அட்டை. ஐந்து நாளுக்கு மேல் ஆகி, வெளியே போவது பாதுகாப்பாகவும் இருந்தால், தற்காலிகமாகப் பள்ளத்தில் புதைத்து அடையாளம் வைக்க வேண்டும்.

இந்தப் பத்தியைத்தான் பிரிட்டன் மறக்கவில்லை. கதவையும் வெள்ளைப் பூச்சையும் பார்த்துச் சிரித்தவர்கள் இங்கே வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. சுகாதாரத் துறையைச் சேர்ந்த எவரும் இதையே சொல்வார். ஆனால் அந்த இறந்தவர் எதனால் இறந்தார் என்று புத்தகம் சொல்லவில்லை. யார் அவர் என்றும் சொல்லவில்லை. நான்கு பேர் வீட்டில் அட்டை எழுதுவதற்கு மூவர் மட்டுமே மீதம். இரண்டாவது அட்டை எதற்கு என்று யோசிக்கிற வாசகர், பிறகு வந்து உடல்களை அள்ளிச் செல்கிறவர்கள் பிரித்துப் பார்க்காமலே எழுதிக்கொள்வதற்காக என்று தானாகவே கண்டுகொள்கிறார். உத்தியோகக் கடிதத்தின் நடையிலேயே ஓர் ஊர் அழிவைச் சொல்லிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் பார்த்ததில்லை.

இருந்த இடத்திலேயே இரு

1939 செப்டம்பர் தொடக்கத்தில் இதே பிரிட்டன் சில நாளில் ஏறத்தாழ பதினைந்து லட்சம் பேரை, பெரும்பாலும் குழந்தைகளையும் தாய்மாரையும், நகரங்களிலிருந்து ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. நமக்கும் அப்படி ஒரு நினைவு உண்டு. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்ததும் சென்னை காலியானது. ‘எவாகுவேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் பாட்டிமார் வாயில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிப்போனது அந்த ஆண்டில்தான்.

1980இன் புத்தகம் நேர்மாறாகச் சொன்னது: வீட்டிலேயே இருங்கள். உங்கள் உள்ளாட்சிதான் உங்களுக்கு உதவும். உறவினர் வீடோ சொந்த இடமோ இல்லாமல் வேறு ஊருக்குப் போனால் அந்த ஊர் உள்ளாட்சி தங்க இடமோ உணவோ தராது. நீங்கள் விட்டுப்போன வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியும் வரலாம். ஆலோசனை என்ற பெயரில் வந்த புத்தகத்தில் மிரட்டல் தொனி கேட்கிற இடம் இது ஒன்றே.

காரணம் இருந்தது. எந்த ஊர் பாதுகாப்பானது என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தூசி காற்றோடு போகிறது. லட்சக்கணக்கான கார்கள் சாலையை அடைத்தால் ராணுவமும் அரசும் நகர முடியாது. பரவலாக மக்களை வெளியேற்றும் பழைய திட்டங்கள் எப்போதோ கைவிடப்பட்டிருந்தன. அவற்றை நடத்த வேண்டிய தன்னார்வப் படையான குடிமக்கள் பாதுகாப்புப் படையே 1968இல் செலவைக் குறைப்பதற்காகக் கலைக்கப்பட்டிருந்தது. ஆள் இல்லை, பணம் இல்லை, பதுங்கறை இல்லை. சுவிட்சர்லாந்து அறுபதுகளிலேயே சட்டம் போட்டு வீடு கட்டுகிறவர்களைப் பதுங்கறையும் கட்டவைத்தது. பிரிட்டன் கதவுகளைக் கழற்றச் சொன்னது.

என் கணிப்பு இது: மண் சுமக்கும் மனிதன் சாலைக்கு வர மாட்டான். சன்னலுக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருப்பவன் கேள்வி கேட்க மாட்டான். அரசு இதை எண்ணித்தான் எழுதியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களின் ஒவ்வொரு வேலையும் வீட்டு வாசலுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. அக்கம்பக்கத்துக்காரரோடு சேர்ந்து செய்யச் சொல்லும் வேலை தேடினாலும் எளிதில் அகப்படாது.

பங்களா

ஒற்றைத் தள வீடுகளைப் பற்றிப் புத்தகம் மறைக்காமல் சொல்கிறது: பங்களாக்கள் அதிகம் பாதுகாப்புத் தரமாட்டா. அண்டை வீட்டில் இடம் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் கூரைக்கும் வெளிச்சுவருக்கும் தள்ளியுள்ள இடமாகப் பாருங்கள் என்கிறது. இழுவை வண்டி வீடுகளில் வாழ்கிறவர்கள் உள்ளாட்சியிடம் யோசனை கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து மாடியோ அதற்கு மேலோ உள்ள அடுக்ககம் என்றால் மேல் இரண்டு தளங்களில் தங்கக் கூடாது. கீழே இருப்பவரிடமோ வேறு எங்கோ இடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எசெக்ஸ் மாவட்டத்தில் கெல்வெடன் ஹாட்ச் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பங்களா இருந்தது. முன்னால் திண்ணை, சாதாரணச் சன்னல், சுற்றிலும் மரங்கள். பண்ணைக்காரர் யாரோ வாழ்வது போன்ற தோற்றம். கதவைத் திறந்து உள்ளே போனால் நீண்ட சுரங்க வழி, அதன் முடிவில் கனத்த எஃகுக் கதவு, பூமிக்கடியில் மூன்று தளக் கான்கிரீட் அறைகள். 1952-53இல் கட்டியது, பிறகு வட்டார அரசு இயங்குமிடமாக மாற்றப்பட்டது. நூற்றுக்கணக்கான அதிகாரிகள் மாதக்கணக்கில் தங்கப் படுக்கை, காற்று வடிகட்டி, மின்னாக்கி, தண்ணீர்த் தொட்டி, ஒலிபரப்புக் கூடம் எல்லாம் அங்கே உண்டு. குடிமகன் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்கப்போகும் குரலும் அந்தக் கூடத்திலிருந்து வரக்கூடும்.

அரசு நிலைத்தால்தான் மீண்டும் ஊரைக் கட்ட முடியும் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் பங்களா பாதுகாப்புத் தராது என்று எழுதிய அரசே தன் பாதுகாப்பை ஒரு பங்களாவுக்கு அடியில் கட்டி வைத்திருந்தது. இதை எந்தக் கேலிக்காரரும் கற்பனை செய்திருக்க முடியாது.

சிரிப்புக்குப் பிறகு

1980 ஜனவரியிலேயே மைக்கேல் ஹோவர்ட் என்ற ராணுவ வரலாற்றாசிரியர் ‘டைம்ஸ்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். குடிமக்கள் பாதுகாப்புக்கு ஏற்பாடு இல்லாவிட்டால் பிரிட்டனின் அணு ஆயுத மிரட்டலை எதிரி நம்பமாட்டான் என்பது அதன் சாரம். அதாவது சாய்த்த கதவும் ஆயுதத்தின் ஒரு பகுதி. இதற்கு விடையாக இன்னொரு வரலாற்றாசிரியர், இ. பி. தாம்ப்சன், ஒரு துண்டு நூல் வெளியிட்டார். அரசுப் புத்தகத்தின் தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்: ‘புரொடெஸ்ட் அண்ட் சர்வைவ்’. காத்துக்கொள் போய், எதிர்த்து நில் வந்தது. அணு ஆயுத ஒழிப்பு இயக்கம் என்ற பழைய அமைப்பில் அப்போது சில ஆயிரம் உறுப்பினர்களே இருந்தார்கள். ஐந்தாறு ஆண்டில் அது ஒரு லட்சத்தை நெருங்கியது. அதற்குப் புத்தகம் மட்டும் காரணமில்லை; கிரீன்ஹாம் காமன் தளத்துக்கு வரவிருந்த குரூஸ் ஏவுகணைகள் பெரிய காரணம். ஆனால் ஏவுகணையைக் கண்ணால் பார்த்தவர் குறைவு. 50 பென்ஸ் கொடுத்தால் புத்தகம் யாருக்கும் கிடைத்தது.

அதே 1980 செப்டம்பரில் அரசு ‘ஸ்கொயர் லெக்’ என்ற போர்ப் பயிற்சி நடத்தியது. 131 குண்டுகள், மொத்தம் 205 மெகாடன் பிரிட்டன்மீது விழுவதாக அனுமானம். ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் வலு. அந்த அனுமானத்தை வைத்துப் போட்ட கணக்கில் 2 கோடியே 90 லட்சம் பேர் சாகிறார்கள். மக்கள்தொகையில் 53 விழுக்காடு. இரண்டில் ஒருவருக்கு மேல். நான்கு பேர் குடும்பத்தில் அட்டை எழுத இருவர்கூட மிஞ்சுவது நிச்சயமில்லை.

பிறகு நடந்ததை அரசு எதிர்பார்க்கவில்லை. ஆலோசனையை நடைமுறைப்படுத்த வேண்டியவை உள்ளாட்சிகள். அவைதான் கையை உதறின. 1980 நவம்பரில் மான்செஸ்டர் மாநகர மன்றம் தன்னை அணு ஆயுதமற்ற பகுதி என்று அறிவித்தது. குண்டு அந்தத் தீர்மானத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகாது என்று செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. ஆனால் தீர்மானத்தின் நோக்கம் குண்டல்ல, உள்துறை. 1982க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மன்றங்கள் இப்படி அறிவித்துவிட்டன. வேல்ஸின் மாவட்டங்கள் அனைத்தும் அவற்றில் அடக்கம். அந்த ஆண்டு திட்டமிட்ட ‘ஹார்ட் ராக்’ என்ற நாடு தழுவிய பயிற்சியில் கலந்துகொள்ளச் சுமார் இருபது மன்றங்கள் மறுத்துவிட, அரசு அதை நிறுத்தி வைத்தது. மக்களில்லாமல் போர் நடத்தலாம் போலிருக்கிறது. குமாஸ்தாக்கள் இல்லாமல் ஒத்திகைகூட நடத்த முடியவில்லை. 1983இல் ஒத்துழைப்பைக் கட்டாயமாக்கிப் புது விதிமுறை கொண்டுவந்தார்கள். ஒத்துழைத்த பெயர் வருமளவுக்கு மட்டும் பலரும் ஒத்துழைத்தார்கள்.

அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் அறிக்கை வந்தது. ஒரு மெகாடன் வலுவுள்ள ஒரேயொரு குண்டு விழுந்தாலே காயம்பட்டவர்களை நாட்டின் சுகாதாரச் சேவையால் தாங்க முடியாது என்று அது முடிவு சொன்னது. சாவு எண்ணிக்கையை உள்துறை குறைத்துப் போடுகிறது என்றும் காட்டியது. ஊர்வலக்காரர்கள் சொன்னபோது அரசியல் என்று தள்ளிவிட்டவர்கள், மருத்துவர்கள் அதையே சொன்னபோது வாயடைத்துப் போனார்கள். புத்தகத்தின் கடைசி மிச்ச மரியாதையும் அத்தோடு போயிற்று.

சொன்னதா, சொல்லாததா

பல ஆண்டுகளாக இந்தப் புத்தகத்தை முட்டாள்தனத்தின் சின்னமாகக் காட்டிவருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரிவரியாகப் பார்த்தால் பெரும்பாலும் சரி. தூரத்து ஊரில், மாடி வீட்டில், சில நாள் அவகாசத்தோடு இருப்பவருக்கு அது உயிர் காக்கும் தகவல். தவறு, ‘இது யாருக்கு உதவும், யாருக்கு உதவாது’ என்ற ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டதில். குறிவைக்கப்படும் நகரத்தின் நடுவில் இருப்பவருக்கு எதுவும் உதவாது என்று எழுதியிருந்தால் மற்ற பக்கங்களை மக்கள் நம்பியிருப்பார்கள். அப்படி எழுதினால் அடுத்த கேள்வி, பிறகு எதற்கு இந்த ஆயுதம் என்பது. அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்க உள்துறையின் எந்த எழுத்தரும் அதிகாரம் பெற்றிருக்கவில்லை.

இந்தப் பாடத்தை எல்லோரும் படித்துவிடவில்லை. 2013 ஜனவரியில் காஷ்மீர் நாளிதழ் ஒன்றில் மாநிலக் காவல்துறையின் பேரிடர் மீட்புப் பிரிவு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அணுத் தாக்குதல் வந்தால் எப்படி நடந்துகொள்வது, குடும்பம் முழுவதும் தங்கும்படி கழிவறையோடு நிலவறை கட்டிக்கொள்ளுங்கள், உணவும் நீரும் சேர்த்து வையுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. எல்லையில் அப்போது பதற்றம். மக்கள் திகைத்ததும், இது வழக்கமான விழிப்புணர்வுதான், வேறெதோடும் முடிச்சுப் போட வேண்டாம் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். 2018 ஜனவரி 13ஆம் தேதி காலை ஹவாய் மக்களின் கைபேசிகளில் ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்று எச்சரிக்கை வந்தது. பொய் எச்சரிக்கை என்று மறுசெய்தி வர 38 நிமிடம் ஆனது. அந்த 38 நிமிடத்தில் குளியல் தொட்டிக்குள் படுத்தவர்களும் உண்டு, சாக்கடை மூடியைத் திறந்து குழந்தையை இறக்கியவர்களும் உண்டு. கதவைக் கழற்ற எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் சோவியத் ஒன்றியம் சரிந்ததும் எல்லாம் வேகமாகக் கலைந்தது. தூசியை அளக்க நாடெங்கும் நிலத்தடிக் குழிகளில் உட்கார்ந்து பயிற்சி எடுத்த ராயல் அப்சர்வர் படையின் தன்னார்வலர்களை 1991இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். சங்குகள் இறக்கப்பட்டன. மதுக்கடைப் பெட்டிகளின் ‘டிக் டிக்’ நின்றது. கெல்வெடன் ஹாட்ச் பதுங்கறையை, ஐம்பதுகளில் யாரிடமிருந்து நிலத்தை எடுத்தார்களோ அந்தக் குடும்பமே திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது அது அருங்காட்சியகம். டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம். வழி தெரியாதவர்களுக்காகப் பெரிய சாலையிலேயே பழுப்பு நிறச் சுற்றுலாப் பலகை ஒன்றை அம்புக்குறியோடு நட்டிருக்கிறார்கள். அதில் எழுதியிருப்பது: ‘ரகசிய அணு ஆயுதப் பதுங்கறை’.